ஆந்தைப் படத்துக்குக் கீழே ஒரு சிவப்புக் கோடு

என் அன்பு மகளுக்கு அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சுகம், உன் சுகத்துக்குப் பதில் போடு என்று ஆரம்பிப்பதுதான் வழக்கம், நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன், எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் ஒரு வார்த்தைகூட உண்மையாக இல்லை, அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான், எனக்குக் கண் கொஞ்சம் மங்கல், ஊசியில் நூல் கோர்ப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே. பெற்ற பெண் எங்கே இருக்கிறாள், சாப்பிடுகிறாளா, படுக்க ஒரு இடம் இருக்கிறதா என்று தெரியாதவர்கள் சுகமாக இருக்கிறோம் என்று எந்த வாயால் சொல்வது. தெருவில் யாராவது உன்னை விசாரித்தால் நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டு, தையல் கடைக்கு நேரமாகிவிட்டது போல விடுவிடுவென்று நடந்துவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தைப் பரிசோதனைக் கூடத்தில் உன்னோடு வேலை பார்த்த அந்த அக்காவின் விலாசத்துக்கு அனுப்புகிறேன். உன் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது, எத்தனை முறை போட்டாலும் அதே குரல், அதே மரியாதை, எனக்கு அந்தக் குரலைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருக்கிறது. அதனால் உன் வேலையிடத்துக்கே போன் போட்டோம். அங்கேயிருந்து அந்த அக்காதான் பேசினார்கள். "அவ வேலைய விட்டுட்டாம்மா, வேற ஊருக்குப் போறேன்னு சொன்னா, எந்த ஊருன்னு சொல்லல, அவளுக்கு வர்ற தபாலெல்லாம் எங்கிட்டதான் இருக்கு, எப்பவாவது வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லியிருக்கா" என்றார்கள். அந்த எப்பவாவது என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ கடைசியாகப் பேசிய அன்று, "நான் அந்த வீட்டை விட்டு வந்துட்டேம்மா, இனிமே அவரோட இருக்க முடியாது, கொஞ்ச நாளைக்கு யாரும் கூப்பிடாதீங்க, ஏன் என்னன்னு கேட்டா நான் ஒடஞ்சு போயிடுவேன், நானே கூப்பிடறேன்" என்று சொன்னாய். சரி கண்ணு என்று மட்டும்தான் சொன்னேன். நானா இப்படி வாயை மூடிக்கொண்டேன் என்று உன் சித்திக்கு இன்னும் ஆச்சரியம். இந்தப் போனெல்லாம் போடும்வரை நீ கேட்டுக்கொண்டதை அப்படியே செய்தேன், கூப்பிடவில்லை, ஆள் விட்டு விசாரிக்கவில்லை, மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ போகும்போது நம் டிவியில் படம் பார்க்க ஒரு ஏற்பாடு செய்து கொடுத்தாயே, திறந்ததும் மூன்று முகம் வருமே, அப்பாவுக்குக் கரடி, எனக்குக் கண்ணாடி போட்ட பூனை, உனக்கு ஆந்தை. நான் பூனையா என்று அன்றைக்குச் சண்டை போட்டேன், கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு முறைக்கிற பூனை நீதாம்மா என்று சிரித்தாய். அந்த ஆந்தையை ஒருநாள் கை தவறி அழுத்திவிட்டேன். உள்ளே நீ பாதியில் விட்ட படங்கள் வரிசையாக இருந்தன, ஒவ்வொன்றின் கீழேயும் எவ்வளவு தூரம் பார்த்திருக்கிறாய் என்று சின்னதாக ஒரு சிவப்புக் கோடு. மறுநாள் பார்த்தேன், கோடு நீண்டிருந்தது. எனக்கு உயிர் வந்தது. இவள் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், கண் பார்க்கிறது, கை ரிமோட்டைப் பிடிக்கிறது, போதும் என்று தோன்றியது. அன்றிலிருந்து காலையில் பல் தேய்ப்பதற்கு முன்னால் ஆந்தையைத் திறந்து பார்ப்பது, எதையும் தொடாமல் மூடிவிட்டு, சாயங்காலம் கடை அடைத்து வந்ததும் நீ பார்த்ததை என் பூனையில் போட்டு நானும் பார்ப்பது, இதுதான் என் பிழைப்பு. நீ எந்த இடத்தில் நிறுத்தினாயோ அதற்கு மேல் நான் போக மாட்டேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஒரு நினைப்பு, வேறென்ன.

அப்படித்தான் முதலில் அந்த அரண்மனைத் தொடரைப் பார்த்தேன். ராணி அழகாகத்தான் இருக்கிறாள், ஆனால் ஒரு ராஜ்யத்தை ஆள்கிறவள் முதுகில் ஜிப் வைத்த கவுனையா போடுவாள், அந்தக் காலத்தில் ஜிப் ஏது. அவள் திரும்பி நிற்கிற காட்சியில் எல்லாம் எனக்குக் கதை ஓடவில்லை, அந்த ஜிப்பைப் பிரித்துக் கொக்கி வைத்துத் தைக்கவே கை பரபரத்தது. அவள் தம்பி விஷம் வைக்கப் போகிறான் என்று எனக்கு முதல் நாளே தெரியும், நல்ல மனுஷன் எவனும் அவ்வளவு மெதுவாகப் படியிறங்க மாட்டான். என் மத்தியானத் தொடரில் வில்லி மூன்று தடவை தலையைத் திருப்புவாள், ஒவ்வொரு தடவைக்கும் இடி இடிக்கும், அதைப் பார்த்து நீ சிரிப்பாயே, உன் ராணிக்கும் என் வில்லிக்கும் ஒன்றும் பெரிய வித்தியாசமில்லை, இவளுக்கு இடிக்குப் பதில் பியானோ, அவ்வளவுதான். கடைசியில் அவள் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு வெளியே நடந்தபோது மட்டும் நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நீ இதைப் பார்த்துவிட்டு என்ன நினைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியாதா.

அதற்குப் பிறகு நீ அந்தப் பனிப் படத்தைப் போட்டிருந்தாய். கண்ணு, அதை எவன் எடுத்தான். ஒரு ஆள், ஒரு நாய், கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. நடக்கிறான், நடக்கிறான், நடந்துகொண்டே இருக்கிறான். பேச்சு இல்லை, பாட்டு இல்லை, பசித்தால் பையிலிருந்து எதையோ எடுத்து நாய்க்கு முதலில் போட்டுவிட்டுத் தான் தின்கிறான், அது ஒன்றுதான் எனக்குப் பிடித்தது. கோட்டுத் தையல் தோளில் விட்டுப்போயிருக்கிறது, அதைக்கூட அந்தப் படத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. முடிகிற நேரத்தில் தூரத்தில் ஒரு வீடு, ஜன்னலில் வெளிச்சம். கதவுவரைக்கும் போய்விட்டான், கையைத் தூக்கினான், தட்டாமல் நின்றான். அந்த இடத்தில் உன் கோடு நின்றிருந்தது. அலுப்பில் விட்டுவிட்டாள் போல, பாவம், என் பெண் இவ்வளவு பொறுத்ததே பெரிது என்று நினைத்து நானும் நிறுத்திவிட்டேன். நினைத்தேனே தவிர வேறொன்றும் என் மண்டையில் ஏறவில்லை.

மறுநாள் ஆந்தை நகரவில்லை. அதற்கு மறுநாளும் நகரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை, கடையில் ஒருவருடைய பேன்ட்டை இரண்டு காலும் இரண்டு நீளமாக வெட்டிவிட்டேன், அவர் நல்லவர், போட்டுக்கொண்டு நின்று பார்த்துவிட்டு நொண்டித்தான் ஆகணும் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்தி வந்து, "அக்கா, இது சரியில்ல, அவ வேல பாக்கிற எடத்துக்கு ஒரு போன் போடு, இல்லன்னா அந்த ஊர்ல போலீசுக்குச் சொல்லி ஒரு எட்டுப் பாக்கச் சொல்லு" என்றாள். சொல்லலாமா வேண்டாமா என்று நான் தவித்துக்கொண்டிருந்த சமயத்தில் ஒரு காலையில் ஆந்தை நகர்ந்துவிட்டது. மூன்று அக்கா தங்கைகள் சலவைக் கடை வைத்திருக்கிற ஒரு சிரிப்புத் தொடர். ஒருத்தியாவது ஒரு துணியை மடிக்கிறாளா என்றால் இல்லை, நாள் முழுக்க மெஷின் மேல் ஏறி உட்கார்ந்து வம்பு பேசுகிறார்கள், வாடிக்கையாளர் வந்தால் துரத்துகிறார்கள், நான் அப்படிக் கடை நடத்தினால் வீட்டு வாடகைக்குத் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆனால் நான் விழுந்து விழுந்து சிரித்தேன், ஏன் தெரியுமா, நீ சிரிக்கிறாய் என்று. கோடு தினமும் ஓடியது, ஒன்று முடிந்து அடுத்தது, அடுத்தது. சித்திக்குப் போன் போட்டு, "யாருக்கும் சொல்ல வேணாம்டி, அவ நல்லாத்தான் இருக்கா, தெனமும் உக்காந்து சிரிச்சிட்டு இருக்கா" என்று பெருமையாகச் சொன்னேன். அதற்கப்புறம் விண்வெளியில் ஒரு ஆள் தனியாக மாட்டிக்கொள்கிற படம், அவ்வளவு பட்டனை வைத்துக்கொண்டு அவனுக்கு வீட்டுக்கு வர ஒரு பட்டன் இல்லை. அதற்கப்புறம் துறைமுக ஊரில் நடக்கிற கொலைத் தொடர், பெண் போலீஸ் ஒருத்தி, எப்போது பார்த்தாலும் மழையில் நனைந்துகொண்டே யோசிக்கிறாள், உள்ளே வந்து யோசித்தால் என்ன. செத்துப்போனவனுடைய சட்டையில் ஒரு காட்சியில் நாலு பட்டன், அடுத்த காட்சியில் ஐந்து. அது துப்பு என்று நினைத்து நான் எவ்வளவோ யோசித்தேன், கடைசியில் பார்த்தால் படம் எடுத்தவர்களுடைய கவனக்குறைவு.

அந்தத் தொடர்தான் என் தலையில் கல்லைப் போட்டது. அதை மட்டும் உன்னோடு சேர்ந்து ஓட முடியவில்லை, கடையில் வேலை அதிகம், நான் பாதியில்தான் இருந்தேன். மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்த மீன் லாரிக்காரன்தான் கொன்னிருக்கான், எனக்கு அப்பவே தெரியும், ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தடவகூட கண்ணாடியப் பாக்கல, அப்படிப்பட்டவன் எதையும் செய்வான்" என்றார். உனக்குத் தெரியுமே, வாழ்நாள் முழுக்கப் பஸ் ஓட்டியவருக்குப் படத்தில் ஸ்டியரிங் பிடிக்கிறவன் எல்லாம் எதிரி. நான் சிரித்துவிட்டு அடுத்த கவளத்தை எடுத்தேன். எடுத்த கை அப்படியே நின்றது. நான் இன்னும் பார்க்காத இடம் அது. அவருடைய கரடியில் பழைய சண்டைப் படங்களைத் தவிர எதுவும் கிடையாது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். தண்ணீரை எடுத்துக் குடித்தார், வைத்தார், மறுபடி எடுத்துக் குடித்தார்.

இத்தனை நாளும் பார்த்தது நீ இல்லை மகளே. நான் கடைக்குப் போனதும் அப்பா ஆந்தையைத் திறந்து உட்கார்ந்துவிடுவாராம். "அது நகரல. நீ சாப்பிடல. மறுநாளும் நகரல, நீ சாப்பிடல. எனக்கு வேற என்ன செய்யத் தெரியும், அத நகத்தினேன்" என்றார். சலவைக் கடையும் அவர், விண்வெளியும் அவர், துறைமுகமும் அவர். நீ சிரிக்கிறாய் என்று நான் சிரித்த சிரிப்பெல்லாம் இந்த மனுஷன் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே ஓடவிட்டது. எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை, தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன், பெற்ற பெண் இருக்கிறாளா இல்லையா என்பதில் விளையாடுவீர்களா, அன்றைக்கே அவள் வேலையிடத்துக்குப் போன் போட்டிருந்தால் பிடித்திருக்கலாமே என்று என்னென்னவோ கத்தினேன். அவர் திருப்பிப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அப்புறம் அவரே சுவரைப் பிடித்து எழுந்து டிவியைப் போட்டு ஆந்தையைத் திறந்தார். அரிசியில் கல் பொறுக்குவது போல ஒவ்வொன்றாகத் தொட்டு, இது நான், இதுவும் நான், இது நான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒவ்வொரு நானுக்கும் நீ என் கையைவிட்டுப் போய்க்கொண்டே இருந்தாய். கடைசியில் அந்தப் பனிப் படம் வந்தது. "இது நான் இல்ல. இதுல வண்டியே இல்லையே" என்றார்.

ஆக உன்னிடமிருந்து எங்களிடம் கடைசியாக மிச்சமிருப்பது அந்த ஒரு கோடுதான். கதவுக்கு வெளியே கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவனோடு நீ நிறுத்தினாயே, அது அலுப்பால் இல்லை என்று இப்போது தெரிகிறது, அதை என்னால் தாங்க முடியவில்லை. நீ யார் வீட்டு வாசலில் நிற்கிறாய். உள்ளே வர யோசிக்கிறாயா. நம் வீட்டுக்கா வரத் தயங்குகிறாய். நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றா. பேசட்டும், அவர்கள் பேன்ட்டை எல்லாம் நான்தான் நீளம் குறைக்கிறேன், ஆளுக்கு ஒரு காலை மட்டும் கூடுதலாகக் குறைத்துவிடுகிறேன். ஏன் அவனை விட்டு வந்தாய் என்று நான் கேட்க மாட்டேன், இன்று மட்டுமில்லை, என்றைக்கும் கேட்க மாட்டேன், நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். உன் அறை அப்படியே இருக்கிறது, கட்டிலில் நான் வெட்டிய துணிகளைக் குவித்து வைத்திருந்தேன், நேற்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விரிப்பை மாற்றினேன். சித்தி மகனைக்கொண்டு அந்த ஊர் போலீசுக்கும் எழுதிப் போட்டிருக்கிறோம், பெரிய பெண், அவளாகப் போயிருக்கிறாள், விசாரித்துச் சொல்கிறோம் என்று பதில் வந்தது, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. டிவிக் கட்டணம் அப்பாவின் பென்ஷனிலிருந்து போவதால் அதை வைத்தும் உன்னைப் பற்றி எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. கண்ணு, எனக்கு வேறு வழி தெரியவில்லை. முன்பின் தெரியாத பெண்களை எல்லாம் தெருவில் பின்னாலிருந்து பார்த்து நீதானோ என்று வேகமாக நடந்து முன்னால் போய்ப் பார்க்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, ஆனால் உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது.

அதனால் இதைக் கேள். நீ பேச வேண்டாம். எழுத வேண்டாம். எங்கே இருக்கிறாய் என்றும் சொல்ல வேண்டாம். எங்காவது ஒரு இடத்தில், யாருடைய போனிலாவது, அந்த ஆந்தையைத் திறந்து எதையாவது கொஞ்சம் பார். மட்டமான படமாக இருந்தாலும் பரவாயில்லை, ஜிப் வைத்த ராணியையே திரும்பவும் பார். அப்பாவிடமிருந்து ரிமோட்டைப் பிடுங்கி என் தையல் டப்பாவில் வைத்துப் பூட்டிவிட்டேன், சாவி என் கழுத்தில்தான் தொங்குகிறது, அவருக்குப் படம் வேண்டுமென்றால் நான் இருக்கும்போது கரடியில் மட்டும். இனிமேல் ஆந்தை நகர்ந்தால் அது நீதான், வேறு யாரும் இல்லை. சின்னதாக நகர்த்தினாலும் எனக்குத் தெரியும், அந்தக் கோட்டின் நுனி எங்கே நிற்கிறது என்று நான் அளவு எடுத்த ஆள் மாதிரி மனசில் வைத்திருக்கிறேன். அந்தப் பனிப் படத்தையே பார்த்து முடித்துவிட்டாயானால் இன்னும் நல்லது. மிச்சத்தை நான் பார்க்கவில்லை. உன்னை அங்கே விட்டுவிட்டு நான் மட்டும் முன்னால் போக எனக்கு மனசு வரவில்லை.

குளிர் ஊர் என்றால் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றோடு தூங்காதே, கையில் கொஞ்சமாவது பணம் வைத்துக்கொள், தெரியாத இடத்தில் கதவைச் சரியாகச் சாத்திக்கொள். நீ எங்கே இருந்தாலும் உன் தலைக்கு ஒரு குறையும் வரக்கூடாது, என் ஆயுசில் பாதி உனக்குப் போகட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் உன் கைக்கு வந்தால் படித்துவிட்டுப் பத்திரமாக வை, வராவிட்டால் என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை, யோசிக்கவும் மாட்டேன்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அவர்மேல் கோபம் போய்விட்டது. நான் சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்வதற்கு முன்னால், அவருடைய கரடியில் அந்தப் பனிப் படத்தை முதலிலிருந்து கடைசிவரைக்கும் பார்த்துவிட்டாராம், வண்டியே இல்லாத படத்தை. என்னதான் ஆச்சு, அவன் கதவைத் தட்டினானா இல்லையா என்று எவ்வளவோ கேட்டுவிட்டேன், வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார், அதை அவ பாத்துக்கட்டும் என்கிறார். ஆனால் அதைப் பார்த்த நாளிலிருந்து நம் வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் போட என்னை விடுவதில்லை.

உன் வழியையே பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா
(பூனை)